புதன்கிழமை வரைக்கும் மெதுவா ஓட்டு

பறித்த தேயிலையைச் சாக்கில் இறுக்கி அடைத்து, ரெண்டு மூன்று மணி நேரம் கழித்து உள்ளே கையை விட்டுப் பாருங்கள்... சுடும். வெளியே பனி விரலை மரத்துப்போக வைக்கும். சாக்குக்குள் மட்டும் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி கொதிக்கும். அப்படிச் சூடேறின இலையை ஃபேக்டரியில் எடுக்க மாட்டார்கள்.

அந்தச் சூட்டை நான் கடைசியாகத் தொட்டது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். தொட்டிருக்கவே வேண்டாம் என்று இன்றைக்கும் தோன்றும்.

அப்போது மலைமேல் காந்தல் என்கிற ஊரில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தேன். கை சுத்தம், வாய் நீளம். எனக்குத் தெரியாத இன்ஜினே இல்லை என்று ஒரு திமிர் வேறு.

தவமணி பிக்கட்டி பக்கத்துக்காரன். சின்னத் தோட்டக்காரர்களிடம் பச்சை இலையை வாங்கி ஏற்றி, மேலே இருக்கும் ஃபேக்டரிக்குக் கொண்டுபோகிற பிக்அப் அவனுடையது. அப்பாவும் அம்மாவும் சிலோனிலிருந்து வந்து எஸ்டேட் லைன் வீட்டிலேயே காலத்தைத் தள்ளியவர்கள். அந்தக் குடும்பத்தில் ஆர்.சி. புக்கில் ஏறின முதல் பேர் தவமணியுடையதுதான். அதை லேமினேட் பண்ணி, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தான்.

நான் என்ன சொன்னாலும் அவனுக்கு வேதவாக்கு. "ஏத்தம் ஏறி வந்ததும் டக்குனு ஆஃப் பண்ணாதப்பா, டர்போ சூடா இருக்கும், ரெண்டு நிமிஷம் சும்மா ஓடவிட்டு நிறுத்து" என்று ஒருநாள் போகிறபோக்கில் சொல்லியிருந்தேன். அதிலிருந்து ஒருநாள் தவறியதில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, வாட்சைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். அவன் மனைவி சித்ரா உள்ளேயிருந்து கத்தும்.

"ஏனுங்க... வண்டியோடதான் குடித்தனமா? சோறு ஆறுதுங்க!"

"இன்னும் முப்பது செகண்டு புள்ள!"

மழை நின்று தேயிலை ஏராளமாகத் துளிர்க்கிற சீசன் அது. பிக்அப்பில், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் ஒன்று போய்விட்டது. எனக்குத் தெரிந்த இடத்தில் பெரிய சைஸ் இன்ஜெக்டர் ஒரு செட் கிடைத்தது. "நாலையும் மாத்திரலாம்ப்பா, ஏத்தத்துல சும்மா இழுக்கும் பாரு" என்றேன். யோசனை என்னுடையது. அவன் கேட்கவே இல்லை.

ஆனால் பெரிய இன்ஜெக்டர் போட்டால் அதோடு வேலை முடியாது. எவ்வளவு நேரம் திறந்து டீசலை விடவேண்டும் என்று சொல்வது வண்டியிலிருக்கும் கம்ப்யூட்டர். இன்ஜெக்டர் மாறிய சங்கதி அதற்குத் தெரியாது. பழைய கணக்குக்கே திறந்துவிடும், டீசல் கூடுதலாக இறங்கும். டீ போடுகிறவருக்குத் தெரியாமல் ஸ்பூனைப் பெரிசாக்கி வைத்தது மாதிரி... அவர் பழக்கத்தில் ரெண்டு ஸ்பூன் தூள்தான் போடுவார்.

டர்போ இன்ஜினுக்குள் தள்ளுகிற காற்றும் அந்த டீசலுக்குப் பற்றாது. நம்ம மலையில் காற்றே லேசு. மிச்ச டீசல் கரும்புகையாகப் போகும், உள்ளே சூடு எகிறும். லோடோடு ஏற்றம் ஏறினால் பிஸ்டனே உருகும். அதனால்தான் லேப்டாப்பை மாட்டிக் கணக்கை மாற்றி எழுதவேண்டும். அதுதான் ட்யூனிங்.

ட்யூனர் கோயமுத்தூரிலிருந்து புதன்கிழமைதான் மலைக்கு வருவார். நான் மாட்டி முடித்தது சனிக்கிழமை.

இத்தனையும் எனக்குத் தெரியும். சாவியைக் கையில் கொடுத்துவிட்டு நான் சொன்னது ஒரே வரி.

"புதன்கிழமை வரைக்கும் மெதுவா ஓட்டு, ஒண்ணும் ஆகாது."

லோடு ஏற்றாதே என்று சொல்லவில்லை. சீசன் நேரத்தில் ஒரு மனுஷனிடம் வண்டியை நிறுத்து என்று சொல்ல வாய் வரவில்லை.

திங்கட்கிழமை போன் பண்ணினான். "அண்ணா, வண்டி பறக்குதுங்க! பொகைதான் கொஞ்சம் கருப்பா வருதுங்க."

மலையில் எங்களுக்கெல்லாம் ஒரு கோணல் நம்பிக்கை. ஏற்றத்தில் கரும்புகை கக்கினால் வண்டிக்கு இழுவை ஜாஸ்தி என்போம். பழைய லாரிகளைப் பார்த்து வந்த புத்தி. நானும் சிரித்துக்கொண்டே, "அப்பத்தான்ப்பா இழுக்கும்" என்றேன். எந்த வாயால் சொன்னேனோ!

செவ்வாய்க்கிழமை, ஃபேக்டரிக்கு ரெண்டு வளைவு கீழே, முழு லோடோடு நின்றுவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது மூடுபனிக்குள் வெள்ளைப் புகையும் எரிந்த ஆயில் வாடையும். பிஸ்டனில் ஓட்டை, டர்போவும் காலி. தவமணி ஒரு வார்த்தை திட்டவில்லை. வேறு வண்டி வருவதற்குள் இலை போய்விடுமே என்று சாக்குகளை அவிழ்த்து ரோட்டோரம் உதறிக்கொண்டிருந்தான். நானும் ஒரு சாக்கைப் பிடித்து உள்ளே கையை விட்டேன்.

சுட்டது.

வண்டி பிழைக்கவில்லை, பழைய இரும்புக்குத்தான் போனது. தோட்டங்களில் இலை எடுக்கிற ரூட் வேறு ஆளுக்குப் போய்விட்டது. அடுத்த சீசனுக்குள் தவமணி குடும்பத்தோடு திருப்பூருக்கு இறங்கிவிட்டான். ஒரு பனியன் கம்பெனியில் பண்டல் தூக்குகிறான்.

நானும் மலையில் இல்லை. கோயமுத்தூரில் ஏசி ரூம், லேப்டாப், நாள் முழுக்க இதே ட்யூனிங் வேலைதான். இன்ஜெக்டர் மாற்றின வண்டி வந்தால் ட்யூனிங் முடிகிறவரை சாவி என் பாக்கெட்டில்தான். "என்னங்க, எங்க வண்டிக்கு நீங்க ஓனரா?" என்று கஸ்டமர்கள் எகிறுவார்கள். திட்டட்டும்.

போன மாதம் தவமணி கூப்பிட்டான். குடும்பம், குழந்தைகள், திருப்பூர் வெயில் என்று பேசிக்கொண்டிருந்தோம். என்னால் அடக்கமுடியவில்லை... "அன்னிக்கு லோடு ஏத்தாதேன்னு நான் சொல்லிருக்கணும்ப்பா" என்றேன்.

"அட விடுங்கண்ணா. நீங்க சொல்லிருந்தாலும் நான் ஏத்திட்டுத்தான் போயிருப்பேன்" என்று சிரித்தான்.

பொய். எனக்காகச் சொன்ன பொய்.

நான் சொன்னேன் என்பதற்காக, ஆறுகிற சோற்றையும் விட்டுவிட்டு வாட்சைப் பார்த்துக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தவன் அவன். சொல்லியிருந்தால் கேட்டிருப்பான்.