முன்ஷி வீட்டுக் குடை

பாறசாலையில் கூடாரச் சினிமாக் கொட்டகை போட்டிருந்த வருடங்களில்தான் எங்கள் பகுதியைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட எல்லைக் கூட்டங்களும் நடந்தன. நான் இரண்டுக்கும் தவறாமல் போனேன். கூட்டத்தில் தமிழைக் கற்றேன். கொட்டகையில் பெண்களைக் கற்றேன். எழுத்தறிவிக்கும் வாத்தியாருக்கு இந்த இரண்டு படிப்பும் போதும் என்று நினைத்திருந்தேன்.

படங்களில் கள்ளக்காதலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. கணவன் வழிதவறினால் நாட்டியக்காரி வீட்டில் நாலு பாட்டு, பிறகு இருமல், பிறகு மனைவியின் காலடி. அவள் அதுவரை பட்டினி கிடந்து காத்திருப்பாள். மனைவி வழிதவறினால் அவ்வளவு பாட்டெல்லாம் கிடையாது. கிணறோ ரயிலோ சீக்கிரம் வந்துவிடும். ஆசையை நேராகக் காட்டமாட்டார்கள். இரண்டு புறாக்களைக் காட்டுவார்கள். மறுபடி ஆட்களைக் காட்டும்போது அவள் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருப்பாள். கெடுக்க வருகிறவனுக்கு மெல்லிய மீசை கட்டாயம். இத்தனை அடையாளமும் தெரிந்த ஒருவனை யாராவது ஏமாற்ற முடியுமா?

ஒருநாள் எங்கள் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த சாயாக்கடைக்காரர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். புதன்கிழமைதோறும் மாதர் கூட்டத்துக்கு என்று புறப்படும் என் மனைவி அங்கே போவதில்லையாம். குளத்தூர் போகும் வழியில் ஒரு மலையாள முன்ஷியின், அதாவது மொழி வாத்தியாரின், வீட்டு வாசலில் அவள் குடை சாய்ந்திருக்கிறதாம். முன்ஷி மனைவியை இழந்தவர். மீசை மெல்லியது.

அடுத்த புதன்கிழமை பள்ளிக்கு அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுப் பின்னால் போனேன். மறைவுக்குக் கிடைத்தது மரச்சீனிக் கிழங்கு போட்ட விளை. மரச்சீனிக் கம்பு ஆளை மறைக்காது என்பது அங்கே குந்தியபிறகுதான் தெரிந்தது. திறந்த சன்னல் வழியே அவள் தலைகுனிந்திருப்பது தெரிந்தது. அவர் எதையோ சொன்னார். அவள் சிரித்தாள். புறா ஒன்றும் வரவில்லை. இருந்தும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

சாயங்காலம் அவள் அடுக்களையில் கிழங்கு தொலித்துக்கொண்டிருந்தாள். பத்து வயது மகள் பக்கத்தில் இருப்பதைக்கூடப் பார்க்காமல் கேட்டேன், முன்ஷிக்கும் அவளுக்கும் என்ன உறவு என்று. படத்து நாயகன் இந்த இடத்தில் பயன்படுத்தும் வார்த்தை ஒன்றையும் சேர்த்தேன்.

அவள் அழவில்லை. கையைத் துடைத்துவிட்டு, அரிசிப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். பக்கம் பக்கமாக மலையாள எழுத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல.

"பிள்ளை வாற வருசம் பெரிய பள்ளிக்கூடம் போவணும். அங்க எல்லாம் மலையாளமாக்கும். நீங்க கூட்டத்துக்குப் போவிய. அவளுக்குப் பாடம் சொல்லிக்குடுக்க வீட்டில யாரு உண்டு?"

அது சரிதான். எங்கள் ஊரில் மலையாளம் பேசத் தெரியாதவர் இல்லை. எங்கள் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவர்தான் இல்லை. அந்த எழுத்து என் வாசலைத் தாண்டக்கூடாது என்று வீட்டுக்குள்ளேயே மேடைப்பேச்சு பேசியவன் நான். அதனால்தான் ஒளிந்து படித்திருக்கிறாள்.

இந்த இடத்தில் கணவன் நெகிழ்ந்துபோக வேண்டும். உண்மையைச் சொல்கிறேன்: எனக்குக் கோபம் கூடியது. முன்ஷியைவிட அந்த நோட்டுதான் பெரிய துரோகமாகத் தெரிந்தது. எல்லைத் தமிழனுக்கு மட்டுமே வாய்க்கும் இந்தப் பெருமையை எந்தப் படமும் காட்டியதில்லை. நோட்டைக் கிழிக்கக் கை போனபோது மகள் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும், அப்பா. என்னட்ட கேட்டிருக்கலாமே," என்றாள். பிறகு அம்மையைப் பார்த்து, நான் சொன்ன அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள்.

அம்மை மறுபடி கிழங்கைக் கையில் எடுத்தாள்.

எல்லை எங்கே விழுந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். நாங்கள் கேரளத்துக்குள் இருக்கிறோம். மகள் பெரிய பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள், அம்மை பக்கத்திலிருந்து பாடம் கேட்கிறாள். என் மனைவி சண்டை போடவில்லை, பிறந்த வீட்டுக்கும் போகவில்லை. ஆனால் அன்றுமுதல் உப்பு வாங்கப் போனாலும் வாசலில் நின்று சொல்கிறாள்: எந்தக் கடை, கடையில் யார் இருப்பார், எத்தனை மணிக்குத் திரும்புவாள். போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுப்பதுபோல. வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்.

"இல்ல, கேட்டுக்கிடுங்க," என்கிறாள்.

அவள் சொல்லி முடிக்கும்வரை மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்குவதில்லை. அவளுக்கு இப்போது அந்த வார்த்தையின் அர்த்தம் தெரிந்திருக்கும் வயது.