சின்ன ஜோடி

காரைக்குடி டெலிபோன் ஆபீசில் நான் ஆபரேட்டராகச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஊழியர் மன்றத்தின் சீட்டுப் போட்டியில் முதல் ஆளாக வெளியேறினேன். உட்கார்ந்து கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

ஆட்டம் மூணு சீட்டு, ஆறு பேர். காசு கிடையாது. ஆளுக்கு நாற்பது புளியங்கொட்டை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முதலில் ஒரு கொட்டையை நடுவில் வைக்க வேண்டும். சீட்டைப் பார்த்தபின் பிடித்தால் இன்னும் வைக்கலாம், பிடிக்காவிட்டால் கவிழ்த்து அந்த ஆட்டத்திலிருந்து விலகிவிடலாம். கொட்டை தீர்ந்தவர் எழுந்துவிட வேண்டும்.

எனக்கு ரெண்டில் ஒரு ஜோடி வந்தது. ஜோடி வந்த சந்தோஷத்தில் எதிராளி வைக்க வைக்க நானும் வைத்தேன். கடைசியில் சீட்டைத் திருப்பினால், எதிரே இருந்த லைன்மேனிடம் ஏழு, எட்டு, ஒன்பது வரிசையாக இருந்தன; வரிசை ஜோடியை அடித்துவிடும்.

“என்னக்கா, டிரங்க்கால் மாதிரி வந்ததும் கட்டாயிருச்சே!” என்றார் அவர். அறையே சிரித்தது. விளையாடிய ஒரே பெண் நான்தான். சிரித்துக்கொண்டேதான் எழுந்தேன், ஆனால் வீடு போய்ச் சேரும்வரை காது சுட்டது.

தோற்றது தப்பில்லை, ஏன் தோற்றேன் என்று தெரியாமல் தோற்றதுதான் தப்பு என்று பட்டது. மறுநாளே ஒரு கட்டுச் சீட்டு வாங்கினேன். என் வீட்டுக்காரர் செக்காலையில் மரப் பட்டறை வைத்திருந்தார். மத்தியானம் சாப்பிட வந்தவரை உட்கார வைத்தேன்.

“நீங்க அஞ்சு ஆளுக்கும் ஆடுங்க. நான் ஒரு ஆளு.”

“ஒரு ஆளா இருந்தே உன்கிட்ட செயிக்க முடியலை. இதுல அஞ்சு ஆளா?” என்றார். ஆனாலும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

அவர் இல்லாத நாட்களில் நானே ஆறு பங்கு போட்டுத் திருப்பிப் பார்த்தேன். மாதக் கணக்கில் பார்த்ததில் ஒன்று தெளிவானது. ஆறு பேர் இருக்கும்போது ரெண்டு, மூணு போன்ற சின்ன ஜோடியை யாராவது ஒருவர் பெரும்பாலும் அடித்துவிடுகிறார். இரண்டே பேர் என்றால் அதே ஜோடி நாலு தடவையில் மூன்று தடவை ஜெயிக்கிறது. சீட்டு மாறுவதில்லை, எத்தனை பேர் எதிரே இருக்கிறார்கள் என்பதுதான் மாறுகிறது.

அடுத்த வருடம் பேர் எழுதும் நோட்டோடு சூப்பர்வைசர் வந்தார்.

“இந்த வருசமும் வாரீகளாம்மா?”

“எழுதிக்கங்க சார்.”

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு பேர் உட்கார்ந்தோம். மூன்றாவது ஆட்டத்தில் எனக்கு நாலில் ஒரு ஜோடி. ஒருவர் ஐந்து கொட்டை வைத்தார், போன வருடத்து அதே லைன்மேன் பத்து வைத்தார். நான் கவிழ்த்தேன். ஆட்டம் முடிந்ததும் லைன்மேன் என் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டார்.

“ஜோடியைப் போயி கவுத்துட்டீகளே! பயந்துட்டீகளாக்கா?”

“பயமில்லை. இப்ப இது வேணாம்.”

அவர் கையில் இருந்தது ராணி ஜோடி. யாரும் கூட்டி வைக்காத ஆட்டங்களில் மட்டும் சின்ன ஜோடியோடு ஒட்டிக்கொண்டிருந்தேன்.

மதியம் நெருங்கியபோது மூன்றே பேர் மிச்சம்: லைன்மேன், சூப்பர்வைசர், நான். ஆள் குறையக் குறைய ஏற்றும் ஆரம்பக் கொட்டையும் ஒன்றிலிருந்து நாலாகியிருந்தது. என்னிடம் பதினைந்துதான் இருந்தது. நல்ல சீட்டுக்குக் காத்திருந்தால் காத்திருப்பிலேயே தீர்ந்துவிடும். நாலை வைத்துவிட்டுப் பார்த்தேன்: மூணில் ஒரு ஜோடி. மிச்சமிருந்த பதினொன்றையும் நடுவில் தள்ளினேன்.

சூப்பர்வைசர் கவிழ்த்தார். லைன்மேன் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அதே அளவு வைத்தார். அவரிடம் ஏஸ், ராஜா, ஒன்பது. ஜோடி இல்லை. கொட்டைகளை இரண்டு கையாலும் அள்ளினேன்.

சூப்பர்வைசரின் கொட்டை பெரும்பாலும் என் பக்கம் வந்து அவரும் சீக்கிரம் எழுந்துவிட, நானும் லைன்மேனும் மட்டும். இருவரிடமும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தது. எனக்கு அஞ்சில் ஒரு ஜோடி வந்தது. யோசிக்கவில்லை, எல்லாவற்றையும் வைத்தேன். அவரும் வைத்தார். மெதுவாகத் திருப்பினார். எட்டில் ஒரு ஜோடி.

மறுபடியும் தோற்றேன். ஆனால் போன வருடத்து வெட்கம் இல்லை.

“கவுத்திருக்கலாமேம்மா,” என்றார் சூப்பர்வைசர், ஆறுதலாக.

“இல்ல சார். ரெண்டே பேரு. இதே சீட்டு மறுபடி வந்தாலும் வைப்பேன்.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. லைன்மேன் சீட்டுகளைச் சேர்த்தபடியே கேட்டார்: “வீட்டுல உக்காந்து படிச்சீகளா?”

“ஆமா. ஒரு வருசம்.”

வேறு ஊருக்கு மாற்றல் வரும்வரை வருடம் தவறாமல் ஆடினேன். ஒரு முறை ஜெயித்தேன். இரண்டு முறை எடுத்த எடுப்பிலேயே வெளியே வந்தேன். எந்தச் சீட்டை ஏன் வைத்தேன், ஏன் கவிழ்த்தேன் என்று எப்போது கேட்டாலும் என்னிடம் பதில் இருந்தது.