அகப்பையைப் பறித்தவர்களுக்கு

நீர்வேலியில் வாழைத்தோட்டக் குடும்பமொன்றில் பிறந்த எங்கள் அப்பா சிவபதமடைந்து இன்று முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. இந்த நினைவு மலரில் அவருடைய நல்ல குணங்களை நாலு வரி எழுதி முடித்துவிடு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மகளாகிய எனக்கு அது முடியவில்லை. கோபம் ஆறவில்லை.

யுத்தத்தில் இடம்பெயர்ந்து தோட்டமும் அழிந்தபின் அப்பா மாலைதீவுக்குச் சமையல் வேலைக்குப் போனார். அங்கே எதற்குள்ளும் மீன்தான். கூடச் சமைத்த அந்தத் தீவுக்காரர் ஹசன் மாமா, அப்பாவின் வெள்ளிக்கிழமை விரதத்துக்கென்று மீன் படாத சட்டியொன்றைத் தனியே வைத்திருந்தார். நோன்பு காலத்தில் வங்காளத்தார், மலையாளத்தார், தீவுக்காரர் எல்லோரும் ஒரே தட்டைச் சுற்றியிருந்து சாப்பிடுவார்கள். அப்பாவையும் கூப்பிடுவார்கள், அவரும் போய் இருப்பார்.

"என்ரை விரதத்தை அவங்கள் காத்தாங்கள். அவங்கடை நோன்புக்கு நான் கஞ்சி காய்ச்சினன். அதிலை ஒருத்தரும் குறைஞ்சு போகேல்லை, பிள்ளை" என்பார்.

ஊர் திரும்பியதும் கள்ளங்கபடமில்லாமல் இதை எல்லோரிடமும் சொன்னார். அதுதான் பிழையாகிப் போனது. கோயில் அன்னதானத்தில் சாம்பார் துழாவிக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து பெரியப்பா அகப்பையைப் பறித்தார்.

"கண்ட கண்ட ஆக்களோடை ஒரு தட்டிலை திண்ட கை. தள்ளி நில்லடா."

சுற்றி நின்ற உங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரே மொழி, ஒரே கோயில், ஒரே இரத்தம் என்பவர்கள் நீங்கள். அதன் பிறகும் வருடந்தோறும் அன்னதானத்துக்கு அப்பா திரும்ப நட்டெடுத்த தோட்டத்து வாழையிலை மட்டும் வேண்டியிருந்தது. இலைக்குத் தீட்டில்லையாம்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கோயிலில் கொடியேறியிருந்தது. "இந்த முறையாவது என்னைச் சமைக்கக் கூப்பிட்டவையோ?" என்று கேட்டார். ஓம் என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யைச் சொல்ல வைத்ததற்காக உங்களை நான் மன்னிக்கமாட்டேன்.

எட்டாம் நாள் எட்டுச்செலவுப் பந்தியில் சொதியைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பெரியப்பா, "நல்ல கைப்பக்குவம். அந்தியேட்டிக்கும் உந்த ஆளையே பிடி, பிள்ளை" என்றார்.

"ஓம் பெரியப்பா" என்றேன். சொன்னபடியே செய்திருக்கிறேன்.

அப்பாவைப் பராமரித்த வைத்தியர்கள், தாதியர், இரவு பகல் பாராது ஓடித்திரிந்த அயலவர், பந்தல் போட்டவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இந்த மலரைப் பந்தி முடிந்து கை கழுவிய பிறகே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஆகவே வயிறார உண்ட உங்களுக்கும் நன்றி. செய்தி கேட்டதும் மாலைதீவிலிருந்து ஓடிவந்து, அப்பா பழக்கிய அதே பக்குவத்தில் எட்டுச்செலவுக்கும் இன்றைக்கும் சமைத்துத் தந்தவர் ஹசன் மாமா. குசினிக்குள் நிற்கிறார்.

பெரியப்பா, சொதி இன்னும் மிச்சமிருக்கிறது.