தென்னை வைக்காத ஊர்

எங்கள் குடியிருப்புக்கு முதல்முறை வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். கடற்கரைப் பக்கம், நல்ல மணல், ஒரு தென்னையாவது இல்லையே, ஏன்? கேட்பவர் அரசாங்கக் கந்தோர்க்காரர் என்றால் நான் தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவேன். சம்பந்தம் பேச வந்தவர்கள் என்றால் என் புருஷனைக் காட்டி, "அவரைக் கேளுங்கோ" என்பேன். அவர் தொண்டையைச் செருமிவிட்டு வாடைக்காற்றைப் பற்றிப் பேசத் தொடங்குவார்.

எங்கள் சொந்த ஊர் இங்கிருந்து நாலைந்து கட்டை தூரத்தில், முசலிக் கரையில் இருக்கிறது. நடுவில் கோயில், சுற்றிவர வீடுகள். சண்டைக்காலத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினோம். மடுப் பக்கம், பிறகு மன்னார்த் தீவு, பிறகு சொந்தக்காரர் வீட்டு விறாந்தை. சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோ சொன்ன பிறகு திரும்பி வந்தால், ஊர் இருந்த இடத்தில் படைமுகாம் இருந்தது. எங்கள் வீடுகளில் அதிகாரிகள் குடியிருந்தார்கள். எங்களைக் காட்டோரம் இறக்கி, தகரமும் கம்பும் தந்து, "கொஞ்ச நாளைக்கு இஞ்ச இருங்கோ" என்றார்கள். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று ஒருவராவது அன்றைக்கே கேட்டிருக்கலாம். நான் கேட்டிருப்பேன், எனக்கு வாய் நீளம். ஆனால் அன்றைக்கு எனக்குக் காய்ச்சல்.

அந்த வருஷமே முதலாவது அரசியல்வாதி வந்தார். பாலை மரத்தடியில் மேடை. வெள்ளைச் சீலை விரித்த கதிரை. எங்கள் பெண்கள் அகதி முகாமில் கிடைத்த சேலைகளில் நல்லதாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அவர் எங்களைப் போல யேசுவைக் கும்பிடுகிற வேதக்காரர் இல்லை, ஆனால் எங்களுக்கு எங்கே தொட்டால் வலிக்கும் என்று அறிந்தவர். மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இந்த நத்தாருக்குப் பாலன் யேசு உங்கட சொந்தக் கோயிலிலதான் பிறப்பார், நான் பொறுப்பு" என்றார். கூட்டத்தில் பாதிப்பேர் அழுதார்கள். நானும் அழுதேன்.

அவருடைய வாகனம் போன புழுதி அடங்குவதற்குள் ஆண்கள் அதே மரத்தடியில் கூடினார்கள். என் புருஷன் எழும்பி நின்றார். அவர் கூட்டங்களில் கதைக்கிற ஆள் இல்லை. கடலுக்குப் போவார், வருவார், வலை பொத்துவார், அவ்வளவுதான். அன்றைக்கு மட்டும் கதைத்தார்.

"நாங்கள் இஞ்ச தங்க வரேல்ல. அவங்கள் வந்து பாக்கேக்க நாங்கள் தங்கிற சனம் மாதிரித் தெரியக் கூடாது. அதால ஒருத்தரும் இஞ்ச தென்னை வைக்கிறேல்ல. தென்னை வச்சா இருக்க நினைச்சிட்டம் எண்டுதான் அர்த்தம். பிறகு ஊரைக் கேக்க எங்களுக்கு வாய் இராது."

எல்லாரும் ஓம் என்றார்கள். இதைக் கேட்டு வெளியூர்க்காரர் சிரிக்கலாம். ஆனால் எங்கள் சனத்துக்கு அது உடனே விளங்கியது. கத்தரி, மிளகாய் யாரும் எங்கேயும் நடலாம், ஒரு போகத்தில் முடிந்துவிடும். வாழைகூடப் பரவாயில்லை. தென்னை அப்படி இல்லை. கல்யாணம் கட்டி, வீட்டுக்கு வளவு பிரித்துத் தந்த பிறகுதான் எங்கள் ஊரில் ஒருவன் தென்னை வைப்பான். எங்களுக்குக் கல்யாணமான மாரிக்காலத்தில் அவர் வைத்த நாலு தென்னையும் முகாமுக்குள் நின்று யாருக்கோ காய்த்துக்கொண்டிருந்தன.

நத்தார் வந்தது, போனது. பாலன் மன்னார்க் கோயிலில் பிறந்தார்.

இரண்டாம் வருஷமோ என்னவோ, என் புருஷனின் தங்கச்சி, அதாவது எதிர்வீட்டு மச்சாள், கக்கூசுக்குப் பின்னால் ஒரு கன்று வைத்திருந்தாள். சாக்கால் மறைத்து, முகம் கழுவிய தண்ணீரை விட்டு வளர்த்திருக்கிறாள். மூன்று ஓலை விட்ட பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. அண்ணன்காரனே போய்ப் பிடுங்கினார். அவள் தடுக்கவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர் வேரோடு வந்த கன்றைக் கையில் பிடித்தபடி, "நத்தாருக்குப் போயிடுவம், அங்க உனக்கு ரெண்டு வச்சுத் தாறன்" என்றார். "எந்த நத்தார் அண்ணை?" என்று அவள் கேட்டாள். 

சொல்லக் கூடாது, அந்த அரசியல்வாதி சொன்னது ஒரு விதத்தில் நடந்தது. சில வருஷங்களுக்குப் பிறகு கோயிலை மட்டும் திறந்துவிட்டார்கள். ஞாயிறு காலையில் பஸ் வரும். வாசலில் பைகளைத் திறந்து காட்டி, உள்ளே போய்ப் பூசை கண்டு, முடிந்ததும் அதே பஸ்ஸில் திரும்பி வரவேண்டும். ஒரு நத்தாருக்குப் பாலனும் அங்கே பிறந்தார். பாலனைத் தொழுவத்தில் வைத்துவிட்டு நாங்கள் பஸ் ஏறி வந்தோம்.

பூசை முடிந்ததும் என் புருஷன் கோயில் வாசற்படியில் நிற்பார். அங்கே நின்றால் மதிலுக்கு மேலாக எங்கள் தென்னைகளின் தலை தெரியும். வீடு தெரியாது, கிணறு தெரியாது, தென்னந்தலை மட்டும். "இந்த முறை குலை நல்லாத் தள்ளியிருக்கு" என்பார். அல்லது "பாளை கருகிக் கிடக்கு, தண்ணி விடுறாங்களில்லை" என்பார். பஸ்காரன் கோர்ன் அடிப்பான். சனமெல்லாம் ஏறிவிடும். நான் போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரவேண்டும். வருஷக்கணக்காக ஒவ்வொரு ஞாயிறும் இந்தக் கூத்து.

இதற்கிடையில் எத்தனை பேர் வந்து போனார்கள். கொழும்பில் இருந்து வந்தவர்கள், யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்கள், எங்கள் பகுதியிலேயே பிறந்து எங்களை மறந்தவர்கள். தேர்தல் வந்தால் கதிரை இரவல் வாங்க ஆள் ஓடும், மாலை கட்ட ஆள் ஓடும், தேத்தண்ணி என் தலையில். நல்லதாகப் போய்விட்டது, தேத்தண்ணி வைத்தே ஆளைக் கணிக்கப் பழகிவிட்டேன். ஆறவிட்டுக் குடிக்காமல் எழும்புகிறவன் திரும்பி வரமாட்டான். முழுக்கக் குடித்து இன்னொன்று கேட்கிறவன் இன்னொரு தேர்தலுக்கு வருவான். ஊரை மீட்டுத் தருகிற தேத்தண்ணியை எப்படிப் போடுவது என்று மட்டும் இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

தகரம் கறள் பிடித்து ஒழுகத் தொடங்கியபோது வீட்டுத்திட்டத்தில் சீமெந்து வீடு வந்தது. அதை எடுப்பதா விடுவதா என்று மரத்தடியில் பெரிய சண்டை. கடைசியில் எடுத்தார்கள். என் புருஷனும் எடுத்தார். "அப்ப தென்னை?" என்று நான் கேட்டேன்.

"வீடு அவங்கள் கட்டித் தந்தது. தென்னை நாங்கள் கையால வைக்கிறது. ரெண்டும் ஒண்டில்லை."

இந்த மனிசனோடு எப்படிக் கதைப்பது? சொதிக்குத் தேங்காய்ப்பால் வேண்டும், சம்பலுக்குத் தேங்காய் வேண்டும். கடையில் தேங்காய் விற்கிற விலையில் அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வருகிற நாட்கள்தான் கூட. மச்சாளும் நானும் ஒரு தேங்காயை வாங்கிப் பாதி பாதியாக உடைத்துக்கொள்வோம். உடைக்கிற நேரமெல்லாம் அவள், "கக்கூசுக்குப் பின்னால நிண்டது இப்ப எத்தினை குலை தள்ளியிருக்கும் மச்சாள்" என்பாள். என் புருஷனுக்குக் கேட்கவேண்டும் என்றே சத்தமாகச் சொல்வாள். அவர் வலையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

நான் கெஞ்சியிருக்கிறேன், திட்டியிருக்கிறேன், இரண்டு நாள் கதைக்காமலும் இருந்திருக்கிறேன். எனக்கு ஊர் ஆசை இல்லையென்று இல்லை. ஆனால் ஒரு மரம் நட்டால் போய்விடுகிற ஊர், மரம் நடாமல் இருந்தால் வந்துவிடுமா? அதைக் கேட்டால் அவர் முகம் சுருங்கிவிடும். அந்த முகத்தைப் பார்த்த பிறகு மேலே கேட்க எனக்கு மனம் வராது.

போன வருஷம் நாலு தென்னையில் ஒன்றுக்கு வட்டு விழுந்துவிட்டது. தலை இல்லாமல் தண்டு மட்டும் நின்றது. வாசற்படியில் நின்று அவர் அதை நெடுநேரம் பார்த்தார். பஸ்ஸில் வரும்போது, "அதுக்கும் வயசாகிட்டுது என்ன" என்று மட்டும் சொன்னார். அவருக்கு முட்டி வலி, இரண்டு வருஷமாகக் கடலுக்கும் போவதில்லை.

அதற்குப் பிறகுதான் இந்தப் புது அரசியல்வாதி வந்தார். வயது குறைவு. மாலை வேண்டாம் என்றார். கதிரை வேண்டாம் என்று எங்களோடு பாயில் இருந்தார். தேத்தண்ணியை முழுக்கக் குடித்தார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது, அதை மறைக்கவில்லை. கடற்தொழிலைப் பற்றிக் கேட்டார், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்டார். ஊரைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. எங்களில் ஒருவரும் திறக்கவில்லை. அது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

கடைசியாக ஒரு லொறி வந்து நின்றது. அது நிறையத் தென்னங்கன்றுகள்.

"நல்ல இனக் கண்டு. அஞ்சாறு வருசத்தில காய்க்கும். வீட்டுக்கு ஒண்டு எடுங்கோ" என்றார்.

சனம் அசையவில்லை. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, பாவம். யாரும் கைதட்டாததால் கன்றில் ஏதும் குறையோ என்று திரும்பிப் பார்த்தார். எல்லாருடைய கண்ணும் என் புருஷன் மேல் இருந்தது. அவர் மெதுவாக எழும்பினார்.

"தம்பி, இதை எங்க வைக்கிறது?"

"உங்கட வளவிலதான் ஐயா. வேற எங்க?"

 என் புருஷன் லொறியடிக்குப் போய்க் கையை நீட்டினார். அவர் எடுத்த பிறகுதான் மற்றவர்கள் போனார்கள். மச்சாள் தன்னுடையதை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரைக் கடந்துபோகையில், "அண்ணை, இதையும் பிடுங்குவியளோ?" என்றாள். பகிடியாகத்தான் சொன்னாள். ஆனால் கன்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கன்றை ஒரு உரப்பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தார்.  எங்கே கொண்டுபோகிறார் என்று பஸ்ஸில் இருந்த எல்லாருக்கும் தெரியும். முகாம் வாசலில் பையைத் திறந்து பார்த்த காவல்காரர் நடுவயது ஆள், கொஞ்சம் தமிழ் தெரியும்.

"ஐயா, இது என்ன?"

"தென்னங்கண்டு. என்ர வளவில ஒண்டு பட்டுப்போச்சு. அந்த இடத்தில வைக்கப்போறன். வச்சிட்டு வந்திடுவன்."

காவல்காரர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே யாரிடமோ போய்க் கேட்டுவிட்டு வந்தார். "கோயிலுக்கு மட்டும்தான் ஐயா. இது ஏலாது. இங்க வச்சிட்டுப் போங்க, நான் பாக்கிறேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எங்களுக்கு லேசாக இருந்திருக்கும்.

பூசை முடிந்து வந்தபோது கன்று வைத்த இடத்திலேயே இருந்தது. பைக்குள் மண் நனைந்திருந்தது. அந்த மனிசன் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். என் புருஷன் விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவருக்குத் தலையை ஆட்டிவிட்டு, தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

அன்று பின்னேரம் வெயில் தாழ்ந்ததும் குசினிக்குப் பின்னால் அலவாங்கைக் கொண்டுபோய்க் கன்றுக்குக் கிடங்கு வெட்டத் தொடங்கினார். முட்டி வலியோடு, நின்று நின்று வெட்டினார். உதவிக்குப் போனால் வேண்டாம் என்றார். முறைப்படி எல்லாம் செய்தார். அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டை அடுக்கி, உப்பும் சாம்பலும் போட்டு, கன்றை நிமிர்த்தி இறக்கினார். இத்தனை வருஷம் நான் சண்டை பிடித்தது இதற்காகத்தான். எனக்குச் சந்தோஷம் வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் மண்வெட்டியை எடுக்கவில்லை. குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிக் கிடங்குக்குள் போட்டார். பிறகு கையைத் தட்டிவிட்டு ஒதுங்கி நின்றார். சேமக்காலையில் சவப்பெட்டியை இறக்கியதும் ஆளுக்கொரு பிடி போட்டுவிட்டு ஒதுங்குவோமே, அப்படியே.

 "என்னப்பா செய்யிறீங்கள்? கண்டல்லோ நடுறம். மண்வெட்டியால இழுத்து மூடுங்கோ" என்று சத்தம் போட்டேன்.

"நீ மூடு. எனக்கு ஒரு பிடி காணும்" என்றார்.

என் சத்தத்துக்கு மச்சாள் வேலியைத் தாண்டி வந்தாள். ஏதோ பகிடி சொல்லத்தான் வந்திருப்பாள். கிடங்கையும் அண்ணனையும் பார்த்தவள் குனிந்து தானும் ஒரு பிடி போட்டாள். பிறகு நான் போட்டேன். மிச்சத்தை நானே இழுத்து மூடி, மிதித்து, இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன். அழுதுகொண்டுதான் ஊற்றினேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், வழக்கம்போல அவரைக் கையைப் பிடித்து இழுத்து வர வாசற்படிக்குப் போனேன். படியில் அவர் இல்லை. திரும்பிப் பார்த்தால், எல்லாருக்கும் முதல் ஆளாக பஸ்ஸில் ஏறி, தென்னைகள் தெரியாத பக்கத்துச் சீட்டில் இருந்தார்.