அப்பாவுடன் பாம்புப் பண்ணையில்

எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பாவின் செயற்கைக் காலைச் சரிபார்க்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெட்ராஸுக்கு அலைந்தோம். ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ், திருச்சி ஜங்ஷனில் ரயில், எழும்பூரில் இறங்கி மறுபடி பஸ். ஒரு தடவை ஆஸ்பத்திரியில், "மூணு மணிக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். எங்காவது விழுந்து தூங்கினால் போதும் என்றிருந்தது எனக்கு. அப்பாதான், "பக்கத்துல பாம்புப் பண்ணை இருக்காம், பார்த்துட்டு வரலாம்" என்றார். ஒரு காலையே பாம்புக்குக் கொடுத்தவருக்கு இப்படியொரு ஆசை.

எழுபதுகளில் ஒரு சாயங்காலம் அப்பா குளியலறை விறகை எடுக்கும்போது உள்ளேயிருந்த பாம்பு அவர் காலில் கடித்தது. கம்பால் அதை அடித்தது நான். அதன் உடம்பில் வெள்ளை வளையங்களைப் பார்த்ததும் கட்டுவிரியன் என்று தீர்மானித்து, கொடிக்கயிற்றை அவிழ்த்து அவர் முழங்காலுக்குக் கீழே பலங்கொண்ட மட்டும் இறுக்கினேன். விஷக்கடிக்கு மந்திரிக்கிறவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். விடிகிறவரை கட்டை அவிழ்க்கக் கூடாது என்றார் அவர். அவிழ்த்தபோது கால் கறுத்திருந்தது. அப்பா பிழைத்தார், கால் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இவன் கட்டின கட்டுலதாங்க உயிரோட இருக்கேன்" என்பார். கேட்டுக் கேட்டு எனக்கே கொஞ்சம் பெருமை வந்துவிட்டது, அதை ஒளிப்பானேன்.

பண்ணையில் விளக்கம் சொன்னவர் ஒரு கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். "இதுக்கு விஷமே இல்லைங்க. பல்லியைத் தின்னுட்டுச் சும்மா கிடக்கும். கட்டுவிரியன்னு நினைச்சு அடிச்சுக் கொன்னுடறாங்க. பாருங்க, இதுக்கு வளையம் கழுத்துகிட்ட பளிச்சுன்னு இருக்கும், வால்பக்கம் மங்கிடும். கட்டுவிரியனுக்கு வால் வரைக்கும் இருக்கும். அப்புறம், எது கடிச்சாலும் கயித்தால இறுக்காதீங்க. ரத்தம் ஓடாம காலே அழுகிடும். நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க."

எனக்கு அப்பாவின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

விளக்கம் சொன்னவர் அப்பாவின் ஊன்றுகோலைக் கவனித்துவிட்டார். "உங்களுக்கு என்ன ஆச்சுங்க?"

"கட்டுவிரியன்" என்றார் அப்பா.

"நல்லாப் பார்த்தீங்களா?"

"பார்க்காம என்ன? வால் நுனி வரைக்கும் வளையம். என் கண்ணாலே பார்த்தேன்" என்று சொல்லி என் தோளில் கையை வைத்துக்கொண்டார்.

செத்த பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கி வெளியே எறிந்தவன் நான். அந்த வாலில் ஒரு வளையமும் இல்லை. அப்பா பாம்பையே பார்க்கவில்லை. வலியில் கண்ணை மூடிக் கிடந்தார்.