முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வருவதாக இருந்தாள்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான். என் மாமியார். பெரம்பலூரிலிருந்து முந்தின நாள் சாயங்காலம் கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் வந்து இறங்கிய நர்சம்மா. பகல் இரண்டு மணிக்கு மேல், அப்போதுதான் பிறந்த என் இரண்டாவது பிள்ளை. நான்கே பேர். அங்கே இருந்திருக்க வேண்டியவள் இரண்டு தெரு தள்ளி, தன் வீட்டு வாசலில், எந்த நேரமும் கூப்பிடுவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

அவளை அரியலூரில் எல்லோரும் மருத்துவச்சி என்றுதான் சொல்வோம். ஊரில் பாதிப் பிள்ளைகள் அவள் கையில் விழுந்தவர்கள். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவள். ஆனாலும் நான் அவளிடம் 'வா', 'போ' என்றுதான் பேசினேன். அவள் என்னை 'ஆயி' என்பாள். அந்தக் காலத்து வழக்கம் அது என்று சொல்லி நழுவிவிடலாம். நழுவ இன்னும் பெரிய விஷயங்கள் இருப்பதால் இதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்குத் தாயார் இல்லை. அதனால் தலைப் பிரசவத்துக்கும் பிறந்த வீடான பெரம்பலூருக்குப் போகாமல் புருஷன் வீட்டிலேயே இருந்தேன். பிள்ளை கால் முன்னே வந்தது. ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆன பிறகு, "கத்தாத ஆயி, கத்துற தெம்பையெல்லாம் கீழ அனுப்பு" என்று என் வாயில் தன் முந்தானையைத் திணித்துவிட்டு, என்னையும் பெண்ணையும் இரண்டு உயிராகப் பிரித்துக் கொடுத்தாள். அந்தப் பெண்ணுக்குச் சேனை வைத்ததும் அவள்தான். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைப்பதைத்தான் எங்கள் பக்கம் சேனை என்பார்கள். யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. என் பெண் இன்றும் யாருக்கும் பயப்படமாட்டாள். அது என்னிடமிருந்து வந்ததில்லை என்பது நிச்சயம்.

நான் பயந்தவள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்குக் காரணம் வறுமை இல்லை; வாத்தியார் என்னைக் கேள்வி கேட்டுவிடுவாரோ என்று தினமும் காலையில் காய்ச்சல் வரும், அப்பா போதும் என்று நிறுத்திவிட்டார். அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தரம் எழுந்து பார்ப்பேன். அப்படிப்பட்டவள் காதில், உலகச் சண்டை முடிந்து அரிசிக்கு ரேஷன் இருந்த அந்த நாளில், மருத்துவச்சிக்கு மாரில் புற்று என்ற சேதி விழுந்தது. திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரியில் இடது பக்கத்தை எடுத்துவிட்டார்கள். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். ஊர்ப் பெண்கள் கூடி நின்று மூக்கைச் சிந்தியபோது, "எதுக்கு அழுவுறீங்க? ஒரு பக்கம் பாரம் கொறஞ்சிருச்சு. இனிமே வேகமா நடப்பேன், சீக்கிரம் வந்து சேருவேன்" என்றாளாம். ஆனால் இடது கை வீங்கிப் போயிருந்தது. தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. ஆறு மாதம் பாரமே எடுக்கக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவளுக்குப் புருஷன் இல்லை, நிலம் இல்லை. பிள்ளை எடுத்தால்தான் அடுப்பு எரியும்.

எப்போது வேலைக்குத் திரும்புவது என்பதை அவள் டாக்டரம்மாவிடம் விடவில்லை. களியிடம் விட்டாள். இரண்டாவது பிள்ளை வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது நான் அவள் வீட்டுக்குப் போனேன். எங்கள் வீட்டுப் பெண்கள் அங்கே வாசலோடு நிற்பதுதான் பழக்கம். நானும் வாசலில் நின்றேன். உள்ளே, கேழ்வரகுக் களிப் பானையைத் தரையில் இறக்கி, கவைக்கோலைக் காலால் மிதித்துப் பானையை அசையாமல் நிறுத்தி, இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்துக் கிண்டிக்கொண்டிருந்தாள். நெற்றியிலிருந்து வேர்வை பானைக்குள் விழாதபடி முகத்தைத் திருப்பித் திருப்பிக் கொண்டாள். இடது கை துடுப்போடு போகும்போதெல்லாம் கீழுதட்டைக் கடித்தாள்.

"போன மாசம் கட்டி தட்டிப்போச்சு ஆயி. அப்ப இன்னும் நாளாவலன்னு அர்த்தம். இன்னிக்கிப் பாரு, ஒரு கட்டி இருந்தா எம்பேர மாத்திக்கிறேன்."

நான் என்ன முகத்தோடு நின்றேனோ தெரியாது. "ஏன் மூஞ்சிய இப்புடி வச்சிக்கிட்டு நிக்கிற? அறுத்தது எனக்கா, ஒனக்கா?" என்று சிரித்தபடி வெளியே வந்தாள். வந்தவள், அந்த இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். வலித்தது. "வலிக்குதுல்ல? அப்ப தெம்பு வந்திருச்சு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆயி, ஊருல எல்லாரும் நல்லாத்தான் பேசுறாளுவ. கூப்பிடத்தான் பயப்படுறாளுவ. யாராச்சும் ஒருத்தி மொதல்ல கூப்பிடணும். ஒன் வூட்டுல ஒண்ண எடுத்துட்டேன்னா போதும், மத்ததெல்லாம் தானா வரும். கூப்பிடுவியா?"

"கூப்பிடாம? நீதான் வரணும்" என்றேன். வீட்டுக்கு வந்து கிணற்றடியில் அந்த மணிக்கட்டை மூன்று முறை சாம்பல் போட்டுக் கழுவினேன்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கமில்லை. புற்று ஒட்டாது என்று டாக்டரம்மா சொன்னதாகச் சொன்னார்கள். ஒட்டாது என்றால் ஏன் அத்தனை ஆழமாக வெட்டி எடுத்தார்கள் என்று எனக்குள் ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது. சேனையில் குணம் போகும் என்றால் வியாதி போகாதா? இதை நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யாராவது சிரித்திருப்பார்கள், சிரித்திருந்தால் எனக்கும் தெளிந்திருக்கும். கேட்பதற்குப் பதிலாகப் பெரம்பலூரில் இருந்த என் அண்ணனுக்கு ஒரு கார்டு எழுதினேன். எனக்குப் பயமாக இருக்கிறது, அங்கே யாராவது நர்சம்மா இருந்தால் என் நாளுக்கு அனுப்பி வை என்று. ஐந்தாம் வகுப்பு எழுத்துதான். ஆனால் அதில் ஒரு பிழைகூட இல்லை என்று அண்ணன் பிற்பாடு மெச்சினார்.

பிரசவத்துக்கு நான்கு நாள் முன்பு கல்லங்குறிச்சியிலிருந்து மருத்துவச்சியைத் தேடி வண்டி வந்திருக்கிறது. அவள் மாரைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தும் வந்தார்கள். அவர்களுக்கு வேறு ஆள் இல்லை. "எங்க ஆயிக்கு நாள் நெருங்கிடுச்சு, வாக்கு குடுத்திருக்கேன், ஊரை விட்டு நகரமாட்டேன்" என்று அவள் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டாள். எனக்கு இது அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் வேறு மாதிரி நடந்திருப்பேனா என்று எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்துவிட்டேன். நடந்திருப்பேன் என்று மனசு துணிந்து சொல்லமாட்டேன் என்கிறது.

அன்று காலையில் வலி எடுத்ததும் மாமியார் செய்த முதல் காரியம் வாசலுக்குப் போனதுதான். "மருத்துவச்சிக்கு ஆள் அனுப்பட்டுமா?" என்றார்கள்.

"வேணாம் அத்தை. நர்சம்மா இருக்காங்கல்ல."

மாமியார் என்னை உற்றுப் பார்த்தார்கள். பயத்தைக் கண்டுபிடிப்பதில் அவர்கள் கெட்டிக்காரர். "புள்ளைய அவ எடுக்கட்டும். சேனைய வேணா நான் வச்சிக்கிறேன். வாக்கு குடுத்துட்டு இப்புடிச் செய்யக்கூடாதும்மா" என்றார்கள். இதைவிட எளிதான வழியை எவர் எனக்குக் காட்டியிருக்க முடியும்? நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "வேணாம்னா வேணாம்" என்றேன். பிரசவம் சுகமாக நடந்தது. நர்சம்மா சோப்புப் போட்டுக் கை கழுவினார். எந்தச் சிக்கலும் இல்லை. சிக்கல் ஏதாவது வந்திருந்தால் அவளைக் கூப்பிட ஓடியிருப்பேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவளை அதற்குப் பிறகு எவரும் கூப்பிடவில்லை. கால் முன்னே வந்த பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுத்த வீட்டிலேயே வேண்டாம் என்றுவிட்டார்களாம் என்பது போதுமான காரணமாக இருந்தது. கல்லங்குறிச்சிக்காரர்களும் மறுபடி வரவில்லை. கொஞ்ச நாள் கடலைக் களத்தில் குனிந்து பொறுக்கினாள். பிள்ளை எடுக்கத் தேறிய கை அது.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு டீச்சரம்மா என்னைப் பார்க்க வந்தாள். அவளுக்கும் அதே இடத்தில்தான் ஆபரேஷன். லீவு இன்னும் இருக்கிறதாம். இப்போதே பள்ளிக்கூடம் போகலாமா, தை பிறக்கட்டுமா என்று, வயதானவள் என்று என்னிடம் நாள் கேட்டாள். "ஒன் கையைக் கேட்டுக்கம்மா" என்றேன். அவள் சேரும் நாளில் பள்ளிக்கூட வாசலில் நின்று வரவேற்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மருத்துவச்சிக்கு இருந்தது நான் ஒருத்திதான்.

பிள்ளை பிறந்த ஏழாம் நாள் மருத்துவச்சி வந்ததை இன்னும் சொல்லவில்லை. சொல்லாமலே முடித்துவிடலாமா என்றுகூடப் பார்த்தேன்.

கொல்லைப்புறமாக வந்தாள். நல்ல சேலை கட்டி, தலை வாரியிருந்தாள். கொல்லை வாசல்படிக்கு வெளியே நின்று, "சுகமா ஆயி?" என்றாள். நான் அவள் கேட்பதற்கு முன்னாலேயே, "நான் ஒன்னத்தான் சொன்னேன். அத்தைதான் கேக்கல" என்றேன். மாமியார் கதவுக்குப் பின்னால் முறத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். புடைக்கிற சத்தம் நின்றது. சற்று நேரத்தில் மறுபடி கேட்டது. அவர்கள் எழுந்து வந்து இல்லை என்று சொல்லவில்லை. சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பழியைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"பரவால்ல விடு. பெரியவங்க, பயந்திருப்பாங்க" என்றாள் மருத்துவச்சி. பிறகு இரண்டு கையையும் நீட்டினாள். இடது கையும் வலது கையும் ஒரே உயரத்துக்கு எழுந்து நின்றன. "குடு, ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்."

"தூங்கறான்" என்றேன்.

பிள்ளை என் மடியில் கிடந்தான். இரண்டு கண்ணையும் அகலத் திறந்து, ஓட்டின் சந்து வழியாக விழுந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முறத்தின் சத்தம் வந்த பக்கம் ஒரு தரம் பார்த்தாள். நீட்டிய கைகளை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டாள்.

"ஆமா" என்றாள். "நல்லாத் தூங்கறான்."