முதல் வரிசை

எண்பத்தாறாம் வருட ஹஜ்ஜிலிருந்து திரும்பிய நெய்னா முகம்மதுவுக்கு ஒரே ஒரு குறைதான். புதுச் செருப்பை யாரோ கொண்டுபோய்விட்டார்கள். காரைக்காலில் பிறந்து, பாரிஸ் தபால் நிலையத்தில் முப்பது வருடம் கடிதங்களை வட்டாரவாரியாகப் பிரித்து ஓய்வுபெற்றவர். தமிழர் கடைகள் உள்ள லா சப்பலில் மடுத்தீனின் மளிகைக்கடைக்குள் வந்து, பேரீச்சம்பழப் பொட்டலத்தை நீட்டியதும் அந்தக் கதையைத்தான் எடுத்தார்.

"எடுத்தவன் வெளங்கவே மாட்டான், தம்பி."

"விடுங்கோ ஹாஜியார். கோவிச்சு, வந்த புண்ணியத்தைக் குறைச்சுப் போடாதேங்கோ," என்றார் மன்னார்க் கத்தோலிக்கரான மடுத்தீன்.

ஹாஜியார்! நெய்னாவின் முகம் மலர்ந்தது. ஹஜ் மாதத்தின் ஒன்பதாம் நாள் உச்சி சாய்ந்த பிறகு அரபாத் மைதானத்தில் நிற்பதுதான் ஹஜ்ஜின் உயிர். அங்கே நிற்காதவருக்கு ஹஜ்ஜே இல்லை. அங்குள்ள பழமையான நமிரா பள்ளிவாசலில் அன்றைக்கு முதல் வரிசையிலேயே இடம் பிடித்துவிட்டார் நெய்னா. பாரிஸிலும் வெள்ளிக்கிழமைகளில் முதல் வரிசையை யாருக்கும் விட்டுத்தராதவர்.

பயண அலுவலகம் கொடுத்த பிரெஞ்சுக் கையேட்டை மடுத்தீன் புரட்டிக்கொண்டிருந்தார். நெய்னா அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

"அண்ணை, நீங்கள் முன்னுக்கோ இருந்தனீங்கள்?"

"இமாமுக்கு நேர் பின்னாடி."

"இஞ்சை வேறை மாதிரியெல்லோ கிடக்கு. பள்ளியின்ரை பின்பக்கம்தானாம் அரபாத். முன்பக்கம் எல்லைக்கு வெளியிலையாம்."

நெய்னா கையேட்டை வாங்கி மூன்று தடவை படித்தார். ஒரு கடிதத்தையும் வட்டாரம் மாற்றிப் போடாதவர் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"தொழுதுட்டு அங்கேயே கண்ணசந்துட்டேன், தம்பி. அப்ப எனக்கு ஹஜ்ஜு...?"

மடுத்தீனுக்குத் தன் வாயிலேயே போடவேண்டும்போல் இருந்தது. "பொறுங்கோ. எழும்பினாப் பிறகு எங்கை போனனீங்கள்?"

"முன்வாசலாலேயே பஸ்ஸுக்குப் போயிடலாம்னு பாத்தேன். ஆனா செருப்பு பின்வாசல்லல்ல கெடந்துச்சு. காலையில கூட்டம்னு அந்தப் பக்கமாத்தான் நொழைஞ்சேன். போய்ப் பாத்தா காணோம். சுடுமணல்ல வெறுங்காலோட, பொழுது சாயுற வரைக்கும் தேடி..."

நிறுத்தினார்.

மடுத்தீன் அடுத்த பக்கத்தில் விரலை வைத்தார். "கொஞ்ச நேரம் நிண்டாலும் போதுமாம், அண்ணை. நீங்கள் அரபாத்திலை பொழுதுபடும்வரைக்கும் நிண்டிருக்கிறியள்!"

நெய்னா அரிசி மூட்டையில் இருந்தபடியே இரண்டு கைகளையும் ஏந்தினார். உதடுகள் அசைந்தன.

"ஆருக்கு அண்ணை?"

"செருப்பு எடுத்தவனுக்கு," என்றார். "இந்தா, இப்பக்கூட ஏசினேனே அவனை."